சக்களத்திக்கு டர்போ

என் அன்புக்குரிய, எத்தனை துவைத்தும் கிரீஸ் கறை போகாத வீட்டுக்காரரே,

அங்கே எந்த வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறீர்களோ தெரியவில்லை. கொஞ்சம் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் ஜீப் அந்த மேட்டில் ஏறிவிட்டது. உச்சி வரைக்கும். ஓட்டியது நான்.

நம்ப மாட்டீர்கள். மந்தைவெளி மார்க்கெட்டில் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று தக்காளிக் கூடையை நசுக்கியவள்தானே என்று கேட்பீர்கள். அவளேதான். முதலிலிருந்து சொல்கிறேன். இதை மற்றவர்களும் படிக்கப் போவதால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டீசல் புராணத்தை நான் இருபத்தெட்டு வருஷம் பொறுத்துக்கொள்ளவில்லையா?

அந்த ஜீப்பை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்குக் குளியல், அவளுக்குப் புது ஆயில், அவளுக்குப் புது பெல்ட். எனக்குக் கடை இட்லி. சண்டை முற்றினால் நீங்கள் கடைசி அஸ்திரத்தை எடுப்பீர்கள். "கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவ வந்துட்டா. அவதான்டி மூத்தாள். நீ இளையாள்." அதைக் கேட்டால் எனக்கு உச்சந்தலைக்கு ஏறும். இரண்டு நாள் பேச மாட்டேன். காபி டம்ளரை மட்டும் ணங்கென்று வைப்பேன்.

உங்கள் மூத்தாளிடம் ஒரே ஒரு குறை. மூச்சு பத்தாது. பழைய டீசல் இன்ஜின். சமதளத்தில் சாமி ஊர்வலம் மாதிரி அழகாகப் போவாள். மேட்டைக் கண்டால் இருமுவாள். பொங்கல் விடுமுறை தோறும் உங்கள் ஜீப் கோஷ்டி செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு நண்பரின் நிலத்தில் கூடும். அங்கே ஒரு செம்மண் மேடு. அதில் முக்கால்வாசி உயரத்தில் ஒரு பனைமரம். பதினோரு வருஷம் ஏறப் பார்த்தீர்கள். பதினோரு வருஷமும் அந்தப் பனைமரத்துப் பக்கத்தில் நின்றுபோனீர்கள்.

கடைசியில் அந்தப் பயல்கள் மரத்துக்கே உங்கள் பெயரை வைத்துவிட்டார்கள். சேகர் மரம். யாருடைய வண்டியாவது பாதியில் நின்றால், "இன்னா மச்சி, சேகர் மரத்தாண்ட பார்க்கிங்கா?" என்று கூவுவார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மட்டும் பேசாமல் ஓட்டுவீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதா?

கடைசி வருஷம் உங்களுக்கே மூச்சு வாங்கியது. நம் இரண்டாவது மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "விஜி, சேகர் மரம் வந்துடுச்சு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. அன்றைக்கே உங்களைப் பெரிய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா?

நீங்கள் போய் ஆறு மாதம் கழித்து, கரப்பான் மருந்து அடிக்க அரிசி டிரம்மை நகர்த்தினேன். பின்னால் உங்கள் பழைய வேட்டியில் சுற்றின ஒரு மூட்டை. பிரித்தால், பெரிய நத்தை ஓடு மாதிரி ஓர் இரும்புச் சாமான். கிரைண்டர் பாகம் என்று நினைத்தேன். கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு தாள். எந்தக் குழாய் எங்கே போக வேண்டும் என்று படம் போட்டிருந்தீர்கள். அடியில் ஒரு வரி: "விஜி நல்ல மூடுல இருக்கும்போது சொல்லணும்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், வண்டிக்கு டர்போ வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டீர்கள். "இந்தக் கிழட்டு வண்டிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்று நான் கத்தினேன். நீங்கள் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனீர்கள். என் நல்ல மூடுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள்? வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர் காதர் பாய்க்குப் போன் போட்டேன்.

பாய் மூட்டையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்த நான்தான் அண்ணி அவருக்கு வாங்கிக் குடுத்தேன். வூட்டம்மா பர்மிஷன் குடுத்தவொடனே மாட்டிரலாம் பாய்னாரு. நானும் வெய்ட் பண்ணிக்கினே கீறேன்."

"இப்ப குடுத்துட்டேன் பாய். மாட்டுங்க" என்றேன்.

நம் மகள் கவிதாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் மந்தைவெளி ஃப்ளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். நான் அடையாறில் அவளோடு போய் இருக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். "அம்மா, ஜீப்பைத் தலையிலயா தூக்கி வச்சுக்குவ? விலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தாரே, அவருக்குக் குடுத்துடலாம்மா" என்றாள். "பொங்கல் வரைக்கும் விடு. சேகர் மரத்தைத் தாண்டலன்னா நானே சாவியைக் குடுத்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு வண்டி போவதைவிட வேறொன்றுதான் உறுத்தியது. இந்த உலகத்தில் உங்கள் பெயரைத் தாங்கி நிற்பது அந்த ஒரு மரம்தான். அது நீங்கள் தோற்று நின்ற இடமாகவே இருந்துவிடலாமா?

வேலை தொடங்கியது. டர்போ என்ன செய்யும் என்று பாய் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழலும். அது இன்னொரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். காற்று கூடினால் டீசலையும் கொஞ்சம் கூட்டலாம். வண்டிக்கு மூச்சு வரும். அரசாங்க அனுமதிக் காகிதங்களுக்கு, முணுமுணுத்துக்கொண்டேயானாலும், கவிதாதான் அலைந்தாள்.

இனிமேல் சொல்லப்போவதற்குத் திட்டாதீர்கள். அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பட்டறையில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமையாயிற்றே, நமக்கு மட்டும் சாமி இல்லையா? தெருமுனை அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்துதான் கொண்டுபோயிருந்தேன். வீட்டில் வைத்தால் கவிதா கேலி செய்வாள். வண்டியிலேயே இருக்கட்டும் என்று இடம் தேடினேன். மேஜைமேல் பளபளவென்று ஒரு வளைந்த அலுமினியக் குழாய் கிடந்தது. ஏதோ அழகுக்கு மாட்டுகிற கம்பி என்று நினைத்து, முடிச்சை அதற்குள் திணித்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். டர்போ விசிலடித்தது. காற்றழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறியது. ஆனால் வண்டி நகர்வதற்கே திணறியது. பின்னால் கரும்புகை. தெருவில் துணி காயப்போட்டவர்களெல்லாம் வாயில் வந்தபடி வைதார்கள்.

"முள்ளு ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது. இன்னா கணக்குனே தெர்ல அண்ணி" என்றார் பாய். டீசல் பம்பைக் கழற்றினார். நாசில்களை மாற்றினார். ஆயில் லைனைப் பிரித்துப் பார்த்தார். மூன்று வாரம் போயிற்று. இருபது வருஷம் உங்கள் வண்டியைக் காதால் கேட்டே வைத்தியம் பார்த்த மனுஷன், கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து, "என் கை போயிட்ச்சு அண்ணி. டர்போவக் கய்ட்டிர்லாம். சேகர் அண்ணனுக்கு என்னால இத்தக்கூட செய்ய முடியலியே" என்று கண் கலங்கினார். பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அவரைத் தேற்றுவதற்காகத்தான், "காத்து எப்படிப் போகுதுன்னு எனக்கு இன்னொரு வாட்டி சொல்லுங்க பாய்" என்றேன். அவர் சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்தார். இங்கே வடிகட்டி. இங்கே டர்போ. இங்கேயிருந்து, "தோ, இந்த அலுமினியம் பைப்பு வய்யா இன்ஜினுக்குள்ள போவுது."

அவர் காட்டிய குழாயைப் பார்த்தேன். அதே வளைவு, அதே பளபளப்பு.

"பாய்... அந்தப் பைப்பைக் கொஞ்சம் கழட்டுங்களேன்."

கழற்றினார். உள்ளே விரலை விட்டார். வளைவில் சிக்கிக்கொண்டு, ஆயிலில் ஊறிக் கறுத்துப்போய், என் மஞ்சள் முடிச்சு வந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். பாய் முடிச்சை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சு அவிழ்ந்து அந்தக் காசு இன்ஜினுக்குள் போயிருந்தால் இன்ஜினே தூளாகியிருக்குமாம். என் வாழ்க்கையில் நான் இறுக்கிப் போட்ட முடிச்சு எதுவும் அவிழ்ந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார் பாய். "அங்க நான் இந்த வண்டிக்கோசரம் துவா கேட்டுக்கினு கீறேன், இங்க நீங்க வேண்டிக்கினு முடிச்சு போட்டுக்கினு கீறீங்க. ரெண்டு பேரும் சேந்து அதும் மூச்ச அட்ச்சிட்டோம் அண்ணி!" இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கதையை மயிலாப்பூர் முழுக்கச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பீர்கள், இல்லையா?

மிச்சமிருந்த நாட்களில் டீசல் அளவைச் சரி செய்தோம். செய்தோம் என்றால் நானும்தான். பாய் ஓட்டுவார்; நான் பின் சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து புகையின் நிறத்தைக் கத்துவேன். "கறுப்பு பாய்!" உடனே நிறுத்தி, பம்பில் இருக்கும் திருகைக் கால் சுற்றுக் குறைப்பார். "இப்ப ஒண்ணுமே தெரியல!" ஒரு நூல் கூட்டுவார். தாளிப்பதற்கு எண்ணெய் காய்ந்ததும் மெலிசாக ஒரு புகை எழும்புமே, அந்த நிறம் வந்ததும், "இதான், இதான், தொடாதீங்க!" என்று கத்தினேன். பாய் சூட்டு மீட்டரைப் பார்த்துவிட்டுத் திருகில் பெயிண்ட் புள்ளி வைத்தார். "அண்ணி, உங்க கண்ணு மிஷினு" என்றார். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றதற்கு எனக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட் அது.

பொங்கலுக்கு மறுநாள் மேட்டடியில் போய் நின்றோம். பாய் ஓட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் சாவியை என் கையில் வைத்தார். "பர்மிஷன் குடுத்தவங்கதான் ஓட்டணும். ஒண்ணே ஒண்ணு. மரத்தாண்ட பயந்துகினு கால எட்த்துடாதீங்க. கால எட்த்தா டர்போ தூங்கிரும்."

நாலு சக்கரத்துக்கும் இழுவை மாற்றி, லோ கியரில் போட்டு, அம்மா தாயே என்று மிதித்தேன். செம்மண் பறந்தது. ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கப் பார்த்தது. பனைமரம் நெருங்க நெருங்க, உங்கள் பழைய வண்டியின் இருமலுக்காக என் காது தானாகக் காத்திருந்தது. காலை எடுத்துவிடு எடுத்துவிடு என்றது பயம். எடுக்கவில்லை. விசில் சத்தம் ஏறியது. இருமல் வரவேயில்லை. சேகர் மரம் என் ஜன்னல் பக்கமாக வந்தது, பின்னால் போயிற்று. போயே போய்விட்டது!

உச்சியில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருகப் போனேன். கீழேயிருந்து காதர் பாய் கைலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஆஃப் பண்ணாதீங்க அண்ணி! ஒரு நிமிசம் ஓடட்டும்! ஆறட்டும்!" மறந்தே போனேன். மேடேறிய டர்போவை உடனே நிறுத்தக் கூடாது, சூடு தணிகிற வரை சும்மா ஓட விட வேண்டும். ஆழ்வார்பேட்டை சிக்னலில் கூட டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைப்பவராயிற்றே நீங்கள், இதை எப்படிச் சமாளித்திருப்பீர்கள்? அந்த ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உங்களிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பது நமக்குள் இருக்கட்டும்.

நம் கோஷ்டிப் பயல்கள் மரத்தின் பெயரை மாற்றலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்குப் பிறகு ஏறிய ஒரு பையனைப் பார்த்து, "டேய், மொதல்ல சேகர் மரத்தத் தாண்டு, அப்புறம் பேசு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அது போதும் எனக்கு. கவிதா சாவியைக் கேட்கவில்லை. "என் காரைத் தெருவுல விட்டுக்கறேன்மா. அப்பா வண்டி உள்ள நிக்கட்டும்" என்றாள்.

அம்மனுக்குக் காணிக்கையைச் செலுத்திவிட்டேன், அதே கறுத்துப்போன மஞ்சள் துணியோடு. வருஷம் தவறாமல் அந்த மேட்டில் ஏறுவேன். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் சாவியைத் திருகுவதற்கு முன்னால் அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கு. ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் சொல்வேன். அவசரப்படுத்தக் கூடாது, டீசல் வீணாகிறது என்று முணுமுணுக்கக் கூடாது.

ஒன்று மட்டும் பாக்கி. இருபத்தெட்டு வருஷம் நான் ஒப்புக்கொள்ளாததை, உச்சியில் அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒப்புக்கொண்டுவிட்டேன். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி எங்களுக்குள் சண்டையில்லை.

என்றும் உங்கள்,
இளையாள்