கறவைக்கு ஒருத்தர்

டிசம்பர் 11, புதன்

பனி இறங்கியதும் பால் குறைந்துவிட்டது. சாயங்காலக் கறவையில் கேன் நிறைவதில்லை. கன்றுகளுக்குச் சாக்குப் போர்த்தி வயிற்றோடு கயிறு கட்டிவிட்டோம். மூட்டை தூக்க வந்த ஆட்களைப் போல வரிசையாக நிற்கின்றன.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல். பொங்கல் கழித்து, ஜனவரி இருபதில் சேர வேண்டும். மெய்ப்புப் பார்க்கும் வேலை. எம்.ஏ. முடித்துவிட்டு வந்து சாணி அள்ளிய வருடம் இதோடு முடிகிறது. சந்தோஷமா? தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். நல்லதுங்க அம்மணி என்றார். மாடு பார்க்க வரும் புரோக்கரிடமும் அவர் இதையேதான் சொல்வார்.

டிசம்பர் 13

பதிப்பகம் கேட்ட பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒன்றுக்காக ஆல்பத்தைக் கிளறினேன். படம் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது.

கல்யாணப் படத்துக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

என் காதுகுத்து: அம்மா. அண்ணன் கிருபாசங்கரின் பள்ளி ஆண்டுவிழா: அப்பா. பீளமேட்டில் எனக்குப் பட்டமளிப்பு: அம்மா, அதுவும் கைப்பையை மார்போடு அணைத்து, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவளைப் போல. மற்றவர் ஒவ்வொரு முறையும் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், இந்தத் தோட்டத்தில், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்திருப்பார். கறவைக்கு ஒருத்தர் இருக்கோணும். எங்கள் வீட்டின் ஒரே சட்டம்.

சின்ன வயதில் கல்யாண வீடுகளில் பாயசம் வருவதற்குள் அம்மா எழுந்துவிடுவாள். என்னையும் இழுத்துக்கொண்டு மத்தியான பஸ். வீடு வந்ததும் பட்டுச்சேலையை அவிழ்த்துப் பழைய சேலை. தலையில் மட்டும் பூ அப்படியே இருக்கும். கட்டுத்தரையில் குந்தி, மாட்டின் விலாவில் அந்தப் பூவை அழுத்திக்கொண்டு கறப்பாள். எனக்கு விசேஷம் என்றால் இன்றும் அந்த வாசனைதான். மல்லிகையும் கோமியமும்.

டிசம்பர் 14

ஐந்து மாட்டில் நான்கை அப்பா கறந்துவிடுவார். செவலையை மட்டும் முடியாது. பிறந்த அன்றே தாயை இழந்த கன்று. அம்மா புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது. வேறு யார் கை பட்டாலும் பாலை மேலே இழுத்துக்கொள்ளும். செவலைக்கு முன்பு ஒரு எருமை இப்படி. அதற்கு முன்பு இன்னொன்று. மாடு மாறும். ஆள் மாறியதில்லை.

எங்கேயாவது போகணும்னா எங்கே போவீங்க என்று அம்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வால்பாறை."

அம்மாவோடு பள்ளியில் படித்த செவ்வந்தி அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருடா வருடம் கூப்பிடுகிறார். கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் கிளம்பித்தான் இருக்கிறார்கள். அன்றைக்குக் காலையில் ஒரு மாட்டுக்குக் கன்று இறங்கத் தொடங்கிவிட்டது.

அப்பா தலையாட்டினார். "ஞாபகம் இருக்குது. கெடாரிக் கண்ணு. நெத்தில வெள்ள."

புது வருடத் திட்டம் என்று எதையும் இதுவரை எழுதியதில்லை. எழுதுகிறேன்: ஜனவரி ஒன்று, இருவரும் வால்பாறை. ஒரு ராத்திரி. செவலையை நான் கறப்பேன்.

அம்மா சிரித்தாள். "பொஸ்தகம் படிச்சுக் காட்டிக் கறப்பியாக்கும்."

டிசம்பர் 16. மார்கழி ஒன்று

உதை. வாளி காலி. முழங்காலில் வீக்கம்.

டிசம்பர் 19

அம்மாவின் யோசனை: அவள் மடியைக் கழுவித் தொடங்குவது, பால் இறங்கியதும் அவள் கைக்குக் கீழே என் கை. பிறகு அவள் கையை எடுத்துவிடுவது. எடுத்த மறுகணம் செவலைக்குத் தெரிந்துவிடுகிறது.

"இழுக்காத கண்ணு. அமுக்கு. மொதல்ல அந்த நகத்த வெட்டு."

கறக்கும்போது அம்மா பேசிக்கொண்டே இருக்கிறாள். புண்ணாக்கு விலை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பை வெட்டியது, முழங்கால் வலி. எனக்குப் புதிய செய்திகள். முழங்கால் வலி எப்போதிலிருந்து? செவலை காதை மட்டும் அசைத்தது. அதற்குப் பழைய செய்தி போல.

டிசம்பர் 22

நானும் பேசிப் பார்த்தேன். மாட்டிடம் என்ன பேசுவது? சங்கப் பாடலா? கூச்சமாக இருந்தது. சேரப்போகும் வேலையைப் பற்றிச் சொன்னேன். மறுபடி உதை. ஆனால் மெதுவாக.

டிசம்பர் 27

கொடுத்தது.

அம்மா சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் மறைந்து நின்றாள். செவலை இரண்டு பக்கமும் திரும்பித் தேடியது. பிறகு பெருமூச்சு. மடி இளகியது விரலில் தெரிந்தது. உள்ளே எதுவோ மனம் மாறுவது போல.

வாளி பாதி. அம்மா வந்து பார்த்தாள். பாராட்டுவாள் என்று நினைத்தேன். "பரவால்ல. ஆள் கெடச்சுப்போச்சு அவளுக்கு," என்று சொல்லிவிட்டுத் தட்டு வெட்டப் போனாள். வெட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

டிசம்பர் 31

பெருந்துறையிலிருந்து அண்ணன் வந்தான். கம்பெனியில் ஒரே ஒரு நாள் லீவு. மற்ற மாடுகளுக்கு அவன். கை மறந்திருக்குமே என்று அப்பா கேட்டதற்கு, மெஷின்ல வேலை செய்யறவனுங்க, மாடும் ஒரு மெஷின்தானுங்க என்றான். அப்பா மாட்டைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

அம்மா செவ்வந்திக்கு நெய் காய்ச்சினாள். வீடெல்லாம் முருங்கை இலை பொரிந்த மணம். ஒரு ராத்திரிக்குப் பெட்டியில் நாலு சேலை.

ஜனவரி 1, புதன்

காலைக் கறவை முடிந்ததும் போனார்கள். தோட்டத்துப் பாதையில் அப்பா முன்னால், அம்மா பின்னால். சேர்ந்து நடந்து பழக்கமில்லை. வளைவில் அப்பா நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கருப்பி மாட்டிடம் உதை வாங்கினான். மெஷினுக்குக் கால் இருக்கறதை ஆரும் சொல்லலியே என்றான்.

சாயங்காலம் செவ்வந்தி அனுப்பிய படம். தேயிலைச் சரிவு. அம்மாவும் அப்பாவும். இடையில் இன்னொருவர் நிற்கலாம், அவ்வளவு இடம். அப்பாவுக்குக் குல்லா. அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, தேயிலையையும் பார்க்கவில்லை. குல்லாவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஜனவரி 2

அண்ணன் ஷிப்டுக்குப் போய்விட்டான். மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். குரல் தயங்கியது, பள்ளியில் லீவு கேட்கும் பிள்ளை மாதிரி.

"கண்ணு, இன்னும் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வரட்டுமா? உங்கப்பா இங்க விடிஞ்சப்பறமும் தூங்கறாரு. நான் பாத்ததே இல்ல."

இருங்க என்றேன். வேறென்ன சொல்வேன்?

ஜனவரி 4

ஐந்து மாடும் நான். விரல் மடங்கவில்லை, பேனா வழுக்குகிறது. பால் சொசைட்டிக்குக் கேனை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பனிக்குள் போகும்போது, எதிரே வருபவர் அருகில் வரும்வரை வெறும் இருமல்.

செவலை என் காலடிச் சத்தத்துக்கே குரல் கொடுக்கிறது. பெருமையாக இருந்தது. எழுதிவைக்கிறேன்: பெருமையாக இருந்தது.

ஜனவரி 6

வந்துவிட்டார்கள். டீத்தூள், மிளகு, அம்மாவுக்குச் சளி. கழுத்திலும் நெற்றியிலும் யூகலிப்டஸ் தைலம். அதே கையோடு கறக்க உட்கார்ந்தாள்.

செவலை முகர்ந்தது. கட்டுக்கயிறு இழுபடும்வரை விலகிப் போனது.

அம்மா சிரித்தாள். எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். மறுபடி விலகியது. இந்த முறை சிரிக்கவில்லை.

ஜனவரி 9

தைலத்தை விட்டாயிற்று. சீயக்காய் போட்டுக் கை கழுவியாயிற்று. பழைய சேலை கட்டியாயிற்று. செவலை பாலை இழுத்தே வைத்திருக்கிறது. நான் உட்கார்ந்தால் உடனே இறக்குகிறது. அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அண்ணன் போனில்: "செவலைக்கு இனி எம்.ஏ. கைதான் வேணுமாக்கும்." அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஒரு விடுமுறையைக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். எதை எடுத்துக்கொண்டேன்?

ஜனவரி 11

அப்பா புரோக்கர் பேச்சை எடுத்தார். கறக்க ஆளில்லாத மாட்டை வைத்து மடிநோய் வரவைப்பதற்குப் பதில், கைமாற்றிவிடலாம் என்றார். நான் சொன்னேன்: வேலைக்குப் போகலீங்க. தள்ளிக்கேட்டுப் பாக்கறேன்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "மாட்டயும் விக்க வேண்டாம். நீயும் இருக்க வேண்டாம். இந்தக் கட்டுத்தரைல நாங் கட்டிக் கெடந்தது போதும் அம்மணி. உனக்கும் ஒரு முளக்குச்சி அடிக்கோணுமா?"

தோசை கருகியது. அதையே சாப்பிட்டோம்.

ஜனவரி 15. மாட்டுப் பொங்கல்

கொம்புக்கு வர்ணம். பட்டியில் சாணியால் சின்னத் தெப்பக்குளம் கட்டி நீர் விட்டு, மாடுகளை ஒவ்வொன்றாக அதில் மிதிக்க விட்டோம். செவலை குளத்தின் முன்னால் நின்றுவிட்டது. அம்மா கயிற்றைப் பிடித்தாள். வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெகுநேரம். கடைசியில் அம்மாவோடுதான் மிதித்தது.

பால் மட்டும் இல்லை.

ஜனவரி 19

இன்றும் என் கைக்குக் கீழே அம்மாவின் கை. நான் எடுத்ததும் நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரி 21. சென்னை

இங்கே மார்கழியும் இல்லை, தையும் இல்லை. விசிறி ஓடுகிறது.

விடியலில் அம்மாவின் அழைப்பு. மடி கல்லாக இருக்கிறது, கை வைக்கவிடவில்லை, கொஞ்சம் பேசு என்றாள். போனைத் தலைக்கயிற்றில் செருகி மாட்டின் காதில் வைத்திருக்கிறாளாம். பேசினேன். செவலை, செவலை, இறக்கிவிடு தாயே. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தகரத்தில் பால் பீய்ச்சும் சத்தம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்.

அறைத்தோழி ஆஃப்ரின் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "காலங்காத்தால யாருடி, ஆளா?"

"மாடு."

"எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க."

ஜனவரி 24

தினமும் இரண்டு வேளை. சாயங்காலம் அலுவலக மாடிப்படியில் நின்று மாட்டோடு பேசுகிறேன். காவலாளி இப்போது எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்.

ஜனவரி 26

காலையில் அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டாலும் போகவில்லை. எதிலும் மனம் ஓடவில்லை.

சாயங்காலம் வந்தது. காலையில் ஊரில் கரண்ட் இல்லையாம், போனில் சார்ஜ் இல்லையாம். பேசு கண்ணு என்றாள் அம்மா. பேசினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம். சித்திரையில் செவ்வந்தி மறுபடி வரச் சொல்கிறாராம், கறவைக்கு அண்ணன் லீவு போடுவானா என்று கேட்டார். செவலையை என்னங்க பண்றது என்றேன்.

"அதென்ன, இப்பத்தான் பழையபடி ஆயிருச்சே. அன்னைக்குக் கரண்ட் இல்லாமப் போச்சுல்லங்க அம்மணி, போன் இல்லாமயே உங்கம்மா கறந்துபோட்டா. அதுக்கப்பறம் ஒரு எடஞ்சலும் இல்ல. சொல்லலியா உங்கம்மா?"

சொன்னாங்க என்றேன். இன்று காலையிலும் செவலையிடம் பேசு என்றுதான் அம்மா கூப்பிட்டிருந்தாள்.

பிப்ரவரி 3

விடிவதற்கு முன் அழைப்பு.

காதுல வெச்சிருக்கேன், பேசு என்றாள் அம்மா. வாளிச் சத்தம் இல்லை. மிக அருகில் மூச்சு. சளி இன்னும் முழுதாகப் போகவில்லை.

செவலை, என்றேன். இங்கே சாம்பார் தித்திக்கிறது. மெய்ப்பில் ஒரு பக்கம் முழுதும் தப்பு விட்டுவிட்டேன், பதிப்பாசிரியரம்மா திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடற்கரைக்குப் போனேன். யாரோடு பேசுவதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

"ம்" என்றது அந்தப் பக்கம்.

ஆஃப்ரின் எழுந்து பல் துலக்கப் போகும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.