டிரான்ஸ் போட்டால்தான் பேசுவாள்

2003 மே 11
ஏரியெல்லாம் வறண்டு, தண்ணீர் லாரி பின்னால் ஊரே குடத்தோடு ஓடுகிற வருஷம். கடற்கரை ரோட்டில் டோல்கேட் போட்டதற்கு அடுத்த வருஷம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் அம்சா எழுதுகிறாள்.

எல்லம்மாள் என்னோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் கல்யாணத்தில் அவள் அண்ணனுக்கு முதல் பந்தியில் இலை விழவில்லை. அன்றோடு சரி. "அந்த ஆளு சாப்ட்டாரான்னு கேளு" என்று அம்சாவிடம் சொல்வாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

நேற்று சாயங்காலம் பக்கத்து ரிசார்ட்டில் சென்னைப் பிள்ளைகள் ஆடினார்கள். பெரிய ஸ்பீக்கர். அரிசி புடைத்துக்கொண்டிருந்த எல்லம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். தலை சுழன்றது. அம்மன் வந்துவிட்டாள். என்னைப் பார்த்து, "டேய் முனிசாமி, மாட்டுக்குத் தண்ணி காட்டினியாடா?" என்றாள்.

புருஷன் பேரை எல்லம்மாள் சொல்ல மாட்டாள். அம்மனுக்கு என்ன? ஆனாலும் குரல் அவளுடையதுதானே?

மே 17
ரிசார்ட்டில் சனிக்கிழமைதோறும் பாட்டுப் போடுகிறவன் ஷ்யாம். படூர்க்காரன்; மற்ற நாளில் கம்ப்யூட்டர் ஆபீஸ். போய்க் கேட்டேன்.

"அன்னிக்கி பொழுது சாயறப்ப போட்டியே, அது இன்னா பாட்டு?"

"அது டிரான்ஸ் தாத்தா."

"அதுக்கு முன்ன?"

"ஹவுஸ்."

"வூடா?"

"வூடு இல்ல, ஹவுஸ்."

"அதான் நைனா, வூடு."

காதில் மாட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். வூடு என்பது நிதானமாக நடக்கிற பாட்டு. டெக்னோ, போர்வெல் போடுகிற வண்டி. டிரம் அண்ட் பேஸ் என்று ஒன்று. மேளக்காரனை நாய் துரத்துகிறது. டிரான்ஸும் வூடு மாதிரிதான் தொடங்கும். ஏறும், ஏறும், நடுவில் மேளம் நின்றுபோகும். எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அப்புறம் தடாலென்று விழும். அந்த விழுகிற இடத்தில்தான் அம்மன் வருகிறாள்.

மே 18
நேற்று முழுக்க வூடு. எல்லம்மாள் அரிசி புடைத்து, சோறும் ஆக்கிவிட்டாள்.

மே 25
நேற்று டிரான்ஸ். அம்மன் வந்தாள். "தாயே, என் பட்டுக்கரை வேட்டி எங்க கீது?" என்று கேட்டேன். "பரண் மேல கீதுடா, கண்ணு தெரியலயா?" அதற்குள் அக்கம்பக்கத்தார் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார்கள். சாலமோன் வேதக்காரன், அவனும் வரிசையில் நிற்கிறான். கேட்டால், "சும்மா பாக்க வந்தேன் அண்ணாத்த" என்கிறான்.

எல்லாரையும் விலக்கி, "எம்மேல இன்னும் கோவமா தாயே?" என்று கேட்டேன். அம்மன் வாயைத் திறந்தாள். அந்தப் பாவி டெக்னோவுக்கு மாறிவிட்டான். அம்மன் மலையேறிவிட்டாள்.

இதைச் சொல்லும்போது அம்சா சிரிக்கிறாள். எழுதும்மா.

ஜூன் 1
ஊர்க்கூட்டம். "ஆடி பொறக்கல, காப்பு கட்டல. வாரா வாரம் சாமிய எறக்குனா ஊருக்கு ஆவுமா?" என்றார் பெரியவர் ராஜாராம். இனி ரிசார்ட்டில் வூடு மட்டும் போடலாம், டிரான்ஸ் கூடாது என்று முடிவானது. எது எது என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலியோரம் நின்று டிரான்ஸ் வந்தால் குரல் கொடுக்க வேண்டுமாம். நானா? ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு வழி கிடைத்தது, அதை நானே அடைக்கணுமா?

ஜூன் 8
நேற்று ஷ்யாமிடம் டிரான்ஸே போடச் சொல்லி ரகசியமாகச் சொல்லிவிட்டு வேலியோரம் நின்றேன். பக்கத்தில் ராஜாராம், சாலமோன். பின்னால் எல்லம்மாள், ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். பாட்டு ஏறியது. மேளம் நின்றது. அந்தப் பக்கம் கைகள் எழும்பின.

"இன்னா முனிசாமி, இது இன்னா?" என்றார் ராஜாராம்.

"வூடு."

"நெஜமாவா?"

"சுத்தமான வூடு."

தடாலென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எல்லம்மாள் தலை ஆடவில்லை. துணியைக் கொடியில் போட்டாள். அம்சாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பொய் சொல்லாதய்யா. இது டிரான்ஸு."

2009 பிப்ரவரி 3
ரிசார்ட்டை மூடிவிட்டார்கள். அன்றைக்கு வேலியோரம் நின்றவர்களில் ராஜாராம் போய்ச் சேர்ந்தார். போன வாரம் சாலமோனும் போய்விட்டான். டிவியில் ஏதாவது டும் டும் என்றால் நான் வூடு என்பேன், இல்லை என்று சண்டைக்கு வர என் வயசில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள். எல்லம்மாள்.