பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெப்பர்மின்ட்

ஊத்ரெக்ட், அக்டோபர் 1980

அன்பு மகளே,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

முந்தாநாள் ஹேக் நகரில் நம் புராட்டஸ்டன்ட் கட்சியையும் கத்தோலிக்கர்களின் கட்சியையும் ஒன்றாக்கினார்கள். நானும் கை தூக்கினேன். "விசுவாசம் உள்ளவங்க பிரிஞ்சு நின்னா நாடு யார் கைக்குப் போகும்?" என்று நம் கிளைக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிக் கேட்டவனும் நான்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கத்தோலிக்கர். பேச்சு தொடங்கியதும், நம் ஆலயத்தில் பிரசங்கத்தின்போது செய்கிற பழக்கதோஷத்தில், அவரிடம் பெப்பர்மின்ட் நீட்டினேன். பிரசங்கம் முடியும்வரை நாக்கிலேயே கரையவிட வேண்டியதை மனுஷன் கடக்கென்று கடித்துவிட்டார்.

"மெதுவாங்க, இன்னும் ஒரு மணி நேரம் பேசுவாங்க."

"அப்ப இன்னொண்ணு குடுங்க!"

சின்ன வயதில் நீயும் இப்படித்தான் கடித்துவிட்டு என் கோட்டுப் பையைத் துழாவுவாய். அதற்குப் பிறகு பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை.

கத்தோலிக்கக் கோவிலில் உன் கல்யாணம் நடந்தபோது நான் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் விளைச்சல் அதிகம். சாப்பிடத்தான் ஆளில்லை.

சனிக்கிழமை அம்மா பட்டாணி சூப் வைக்கிறாள். மாப்பிள்ளையையும் கூட்டி வா. சாப்பிடும் முன் அவர் சிலுவை அடையாளம் போட்டு முடிக்கும்வரை நான் கரண்டியைத் தொடமாட்டேன்.

உன் அப்பா