அரை மில்லி குறைந்த நான்கு புகைபோக்கிகள்

அன்புள்ள அருள் மாப்ள,

பேசாமல் இருந்தது போதும். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் நீ உயிரோடு இருந்தபோதே மூன்று வருடம் உன்னிடம் பேசவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன். வீட்டில் கடைசல் செய்யும் சின்ன லேத் வைத்துக்கொண்டு மாதிரி ரயில், மாதிரிக் கப்பல் என்று செய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வருகிறதே ஒரு மாத இதழ், அதற்குத்தான் இதை அனுப்பப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

நீ பாடம் நடத்திய பள்ளிக்கூடத்து வராந்தாவில், கண்ணாடிப் பெட்டிக்குள் நம் எஞ்சின் நிற்கிறது. உசிலம்பட்டி வழியாகப் போடிக்குப் புகைவிட்டுப் போன மீட்டர்கேஜ் எஞ்சினை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி, ஆறு வருடம் செய்தோம். தகடு வெட்டியது, பற்றவைத்தது, பெயின்ட் அடித்தது நீ. அதில் உருண்டையாக இருக்கிற அத்தனையும் நான் கடைந்தது. புகைபோக்கி, விசில், கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் நாற்பது பித்தளைக் குமிழ்கள். ஒவ்வொன்றும் மிளகைவிடச் சின்னது. ஒன்றை விரல்நுனியில் வைத்துப் பார்த்து, "ஒன்னயப் பெத்தப்பவே கண்ணுல பூதக்கண்ணாடிய வச்சுப் பெத்தாகளா மாப்ள?" என்றாய்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவைத்த நாளில் மேடையேறி, "இந்த எஞ்சினை நான் செய்தேன்" என்றாய். பெட்டிக்குக் கீழே இருந்த பலகையிலும் உன் பெயர் மட்டும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ இறங்கிவந்து தோளில் போட்ட கையைத் தட்டிவிட்டு பஸ் ஏறினேன். அதன்பிறகு உன் வீடு இருக்கும் கோச்சடைப் பக்கமே வரவில்லை. உன் அடக்கத்துக்கு மட்டும் வந்தேன். "தனி ஆளா எஞ்சின் செஞ்ச மனுசன்" என்று கல்லறைத் தோட்டத்தில் யாரோ சொன்னார். ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன மாதம் உன் மனைவி ஸ்டெல்லா போன் செய்தது.

"அண்ணே, கண்ணாடிப் பெட்டியத் தொடைக்கிறப்ப எஞ்சினோட புகைபோக்கி கழண்டு விழுந்து நசுங்கிப்போச்சாம். ஸ்கூல்ல கேக்குறாக. ஒங்கள விட்டா யாரு செய்வா?"

என் லேத்தில் மோட்டார் கருகி ரிப்பேருக்குப் போயிருந்தது. சொன்னேன்.

"அவுக லேத்து இங்க சும்மாதேன் கெடக்கு. வாங்கண்ணே."

"வாரேன்" என்றேன். அந்த வீட்டுக்கு வருவேன் என்று நானே நினைக்கவில்லை.

உன் லேத்தில் பித்தளைத் துண்டை மாட்டிக் கடைந்தேன். புகைபோக்கியின் குறுக்களவு இருபத்திரண்டு மில்லிமீட்டர். அப்போதுதான் மேலே உள்ள செம்பு வளையம் இறுக்கமாக உட்காரும். கடைசி வெட்டுக்கு முன் அளந்தேன், இருபத்திரண்டரை இருந்தது. உளியை நகர்த்தும் கைச்சக்கரத்தை, அதில் செதுக்கியிருக்கும் கோடுகளில் பத்துக் கோடு திருப்பினேன். அரை மில்லி குறைந்து சரியாக வர வேண்டும். இருபத்தொன்றரையில் போய் நின்றது. வளையம் லொடலொடவென்று ஆடியது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நீ லேத் வாங்கிய புதிதில் கடைந்த நான்கு புகைபோக்கிகளும் இப்படித்தான் ஆடின. "ஒரு கோடு திருப்புனா ஒரு கோடு கொறையும் மாப்ள, அம்புட்டுத்தேன்" என்று சொல்லிக்கொடுத்தவன் நான். நாலாவதும் கெட்டபோது ஸ்டெல்லாவை வைத்துக்கொண்டே, "கணக்கு வாத்தியாருக்குப் பத்துக் கோடு எண்ணத் தெரியல" என்றேன். நீ சிரித்தாய். அதன்பிறகு அந்த எஞ்சினுக்கு நீ ஒரு சாமானும் கடையவில்லை.

என் லேத்தில் ஒரு கோடு என்பது குறுக்களவில் குறைவது, அதனால் அங்கே நான் சொன்னது சரி. உன் லேத்தில் ஒரு கோடு என்பது உளி உள்ளே போகும் ஆழம். சுழல்கிற பித்தளையில் அது சுற்றிலும் வெட்டும். குறுக்களவில் இரண்டு மடங்கு குறைந்துவிடும். லேத் வந்த அன்றே பார்த்திருக்க வேண்டிய விஷயம். கல்லூரியில் மெஷின் ஷாப் நடத்துகிறவன் நான். பார்க்கவில்லை.

மேசை டிராயரில் நான்கு புகைபோக்கிகளும் இருந்தன. கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "இந்த லேத்தில் ஒரு கோடு = இரண்டு." ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

"அப்பவே கண்டுபிடிச்சிட்டாகண்ணே. அண்ணன்ட்டச் சொல்லிருங்கன்னேன். 'வேணாம், காலேசுல பாடம் நடத்துறவன், நம்ம முன்னாடி மொகம் செத்துப்போவான்'னாக."

ஏன் மாப்ள சொல்லவில்லை? ஒரு தடவை என்னைத் திருப்பித் திட்டியிருக்கலாமே. மேடையில் "நான்" என்றது, அன்றைக்கு என் கேலியை விழுங்கியதற்குப் பதிலா? இல்லை, மைக்கைப் பார்த்ததும் வாயில் தானாக வந்ததா? முதலாவது என்றால் எனக்குப் புரிகிறது. இரண்டாவது என்றால் மன்னிக்க மாட்டேன். எது என்று சொல்ல நீ இல்லை. அதற்கும் உன்மேல் கோபம்தான்.

ஆனால் கோட்டைப் பற்றிய தப்பு என்னுடையது. அதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நீ என்னைக் கேலி செய்தது ஸ்டெல்லா முன்னால் மட்டும்தானே, அதற்கு எதற்கு நாலு பேர் என்று நீ கேட்பாய். ஒருவன் முகம் வாட ஸ்டெல்லா ஒருத்தி போதும், அது எனக்கும் தெரியும்.

அடுத்த புகைபோக்கியை ஐந்து கோடு திருப்பிக் கடைந்தேன். இருபத்திரண்டு. வளையம் சிக்கென்று உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் நானே மாட்டினேன். இந்த ஜில்லாவில் வேறு யாரும் இதைவிட நன்றாகக் கடைந்துவிட முடியாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"பலகையில ஒங்க பேரையும் போடச் சொல்லட்டாண்ணே?" என்று ஸ்டெல்லா கேட்டது. வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. "இப்ப வேணாம்மா" என்றேன்.

எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ரயில் பெட்டி கோப்பதாக இருந்தோமே, அதன் சக்கரங்களை உன் லேத்திலேயே கடைவேன். முதல் சக்கரத்துக்கு முன்னால் அந்தச் சீட்டை லேத்தின் நெற்றியில் ஒட்டுவேன். இது வாக்கு.

கீழே "உன் மாப்ள" என்று எழுதிப் பெயரையும் எழுதப்போனேன். எழுதினால், பலகையில் விட்டுப்போன பெயரை இங்கே ஒட்டிக்கொண்டவன் ஆவேன். நாற்பது குமிழ்களையும் பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.