எட்டாவது வரைக்கும்தான்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கிராம்பு மென்றுகொண்டிருந்தாள். நீங்கள் எப்போதும் மெல்லும் அந்த வாசனையில் சட்டென்று உங்களைத் தேடித் திரும்பிவிட்டேன், அக்கா. கல்வி அலுவலகத்தில் கேட்டு வந்த பதிலை உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"எட்டாவது வரைக்கும்தாம்மா கவர்ன்மெண்ட் கட்டும். ஒம்பதாவதுல இருந்து நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்கள். தெரிந்த செய்திதான். ஆனாலும் இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன்; அதே பதில். என் யாழினி எட்டாவது முடிக்கப்போகிறாள்.

நமக்கு எதிரெதிர் வீடு. உங்கள் வீட்டுக்காரர் துபாயில் கொத்து வேலை. என்னவர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறார். உங்கள் ஹசீனாவுக்கும் யாழினிக்கும் ஒரே வயது. தனியார் பள்ளியில் இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்கு அரசே கட்டணம் கட்டும் இடங்கள் உண்டு என்று விசாரித்து வந்து, இருவருக்கும் விண்ணப்பம் போட்டது நீங்கள்தான். நான் அந்தப் பள்ளியின் வாசலை மிதிக்கவே பயந்தவள்.

குலுக்கல் நாளில் பிளாஸ்டிக் வாளிக்குள் சீட்டுகளைப் போட்டுக் கலக்கினார்கள். யாழினி பெயர் வந்தது. கடைசிச் சீட்டு வரை ஹசீனா பெயர் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இனி என்னோடு பேசுவீர்களா என்று பயந்து நின்றேன். நீங்களோ என் தோளைத் தட்டி, "எதுக்குடி பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற? ஜல்தி வா, கொழந்தைங்களுக்கு ஐஸ் வாங்கிக் குடுப்போம்" என்றீர்கள். ஹசீனாவை அரசுப் பள்ளியில் சேர்த்தீர்கள்.

யாழினி ஐந்தாவது படித்தபோது ஒரு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். அரசுப் பணம் இன்னும் வரவில்லை என்று அவளைப் போன்ற பிள்ளைகளை மட்டும் தேர்வு எழுத விடாமல் வராண்டாவில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். "அம்மா, நான் ஓசிப் புள்ளையா?" என்று கேட்டாள். கேள்வி கேட்கப் போனால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று நான் வாயே திறக்கவில்லை. நீங்கள்தான் புர்காவை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துப் போனீர்கள்.

"மேடம், கவர்ன்மெண்ட் குடுக்க வேண்டியத கவர்ன்மெண்ட்டு கிட்ட கேளுங்க. கொழந்தைய எதுக்கு வெளிய நிக்க வெக்கிறீங்க?"

தலைமையாசிரியை உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? உங்க பொண்ணு இங்க படிக்குதா?"

"இல்லைங்க. எம் பொண்ணு பேரு குலுக்கல்ல வரல. வந்த புள்ளையாவது ஒழுங்கா படிக்கட்டும்னுதான் கேக்கறேன்."

மறுநாள் யாழினி வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்ததும் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். "பயந்துக்கினேதான் பேசினேன்டி" என்றீர்கள். அப்படிப்பட்ட உங்களை ஒரு காய்ச்சல் கொண்டுபோனது. பாண்டிச்சேரி மருத்துவமனையிலிருந்து நீங்கள் திரும்பவேயில்லை. ஹசீனாவை அவளுடைய அத்தை அதே எதிர்வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்கிறார்.

ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் கட்டணம் எங்களால் முடியாது. இன்று மாலை வீடு திரும்பியதும் யாழினியை உட்காரவைத்து, இனி ஹசீனா படிக்கும் அரசுப் பள்ளிதான் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "அங்க போனா, பிரைவேட்ல இருந்து வந்தவன்னு என்னைய தனியா ஒதுக்கிடுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

கூடவே இருந்த ஹசீனா சொன்னாள்: "எம் பக்கத்துல ஒக்காரு. எவளாவது எதனா சொன்னா நான் கேட்டுக்கறேன்."

உங்கள் குரல், அக்கா. யாழினி சிரித்துவிட்டாள். உங்களைப் போலவே ஹசீனாவும் வாய் திறந்து கேட்கத்தான் போகிறாள். அவள் கேட்டுவிட்டு வெளியே வரும்போது, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். இதுநாள் வரை ஒரு பெண்ணுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். இனி இரண்டு பேருக்காகவும் பயப்பட வேண்டும்.