கால் டேங்க் பெட்ரோல்

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் சகாயராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் தேவலையா? போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். அதனால்தான் ஊருக்கு வருகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மலேசியாவில், எங்கள் ரேஸ் கார் ஷெட்டில், போன வாரம் ஒரு சின்ன விபத்து. பெட்ரோல் குறைந்தால் நம் மொபெட்டைச் சாய்த்து ஸ்டார்ட் செய்வீர்களே, ஏறக்குறைய அதே கதைதான். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பினால் டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை இழுக்கும், இன்ஜின் நின்றுவிடும். பம்பைச் சுற்றி ஒரு சின்னத் தொட்டி வைத்தால் அதில் பெட்ரோல் தங்கும். அதற்கு ஆர்டர் கொடுத்திருந்தோம்; அது வரும்வரை டேங்கை நிரப்பித்தான் ஓட்ட வேண்டும். முதலாளியோ எடை குறையட்டும் என்று கால் டேங்க் ஊற்றச் சொன்னார்.

என் அறையில் இருக்கும் சிதம்பரத்து ராஜ்கமல்தான் ஓட்டினான். "ரெண்டு ரவுண்டுதான மச்சான், போய்ட்டு வந்துர்றேன்" என்றான். வளைவில் இன்ஜின் நின்றது. பின்னால் வந்த கார் இடித்துவிட்டது.

அவன் வீட்டில் கால் முறிவு என்றுதான் சொல்லியிருக்கிறோம். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. அவன் அம்மா தில்லையம்மாளிடம் நீங்கள்தான் நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவனுக்கு இரண்டு லுங்கி அனுப்புங்கள். எனக்குக் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு.

தொட்டி வந்துவிட்டது, மாட்டியும் ஆயிற்று. குறைந்த பெட்ரோலில் ஓட்டித்தான் சோதிக்க வேண்டுமாம். திங்கட்கிழமை ஓட்டப்போவது நான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஊருக்கு வருகிறவரை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போக வேன் வந்துவிட்டது. சிதம்பரத்துக்கு மொபெட்டில் போனால் டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு போங்கள், அப்பா.

சகாயராஜ்