மூன்றாவது அறையில் முனகுகிறவர்

பிப்ரவரி 4, புதன்

பூமிக்கடியில் சுற்றிக் காட்டும் மாலை நடைக்குப் பதினான்கு பேர். ஒருவருக்குத் தண்ணீர்த் தொட்டி அறையிலேயே மூச்சு வாங்கியது. அவரை மேலே ஏற்றிவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் தானிய அறையின் தூண் ஒவ்வொன்றிலும் சாய்ந்து செல்ஃபி எடுத்து முடித்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. தானிய அறையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றரை வரிதான் தெரியும்.

மூன்றாவது அறையில் சரியாக ஐந்தே காலுக்குப் பேய் முனகியது. எல்லாரும் ஒரே சமயத்தில் என் கையைப் பிடித்ததில் வளையல் ஒன்று போச்சு.

இந்த வேலையில் இன்றோடு ஆறு மாதம். பதினொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். அந்த வழித்தடத்தையே எடுத்துவிட்டார்கள். பழைய நகரத்துக்கு அடியில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டும் தொழிலை அப்போதுதான் அத்தான் ஆரம்பித்திருந்தார். ‘உள்ள போங்க, உள்ள போங்கன்னு உனக்குச் சொல்லத் தெரியுமில்ல? வா’ என்றார். சரித்திரம் என்று ஒரு தாள் கொடுத்தார். அதில் பாதி, கழிப்பறை எங்கே என்பது பற்றி.

மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? இரண்டாவது வாரம் இருட்டுக்குள்ளிருந்து ‘ஆ...ஆவ்...’ என்று சத்தம் வந்தது. ‘யாருங்க அது?’ என்று ஒரு அம்மாள் கேட்டார். எனக்கே உயிர் போய்விட்டது. ‘கைதி’ என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அது சிறை. அவன் கைதி. அவன் அவ்வப்போது ‘ப்பளி... ப்பளி...’ என்றும் சொல்வான். பழைய மொழியில் அதற்கு ‘விடு’ என்று அர்த்தம்.

அர்த்தத்தையும் நான்தான் சொன்னேன்.

பிப்ரவரி 9, திங்கள்

தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்திருந்தார். பழைய மொழிகளை ஆராய்கிறவராம். ‘ப்பளி’ கேட்டதும் மற்றவர்கள் என் பக்கம் ஓடிவர, இவர் மட்டும் சத்தம் வந்த பக்கம் ஓடினார்.

‘ப்பளின்னா விடுன்னு யாரும்மா சொன்னாங்க உங்களுக்கு?’

‘இங்க எல்லாரும் சொல்றதுதான் சார்.’

எல்லாரும் என்றால் நான்.

பிப்ரவரி 11, புதன்

பெரியவர் மறுபடியும் வந்தார், கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு. பேய் நான்கு முறை முனகியது. நல்ல ஒத்துழைப்பு.

பிப்ரவரி 12, வியாழன்

பேய் வரவில்லை. ‘இன்னிக்கு லீவா?’ என்று ஒருத்தர் கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமையும் அது வந்ததே இல்லை. காலை நடையிலும் வந்ததில்லை. இது என்ன பேய், ஆபீஸ் போகிற பேய்?

பிப்ரவரி 13, வெள்ளி

நடை முடிந்ததும் பெரியவர் என்னைப் படிக்கட்டிலேயே நிறுத்தினார். பையிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தார். பாதி உடைந்த கல்வெட்டு.

‘இங்க பாருங்க. இந்தச் சொல்லு உடைஞ்சு போயிருக்கு. மிஞ்சினது கடைசி ரெண்டு எழுத்துதான். ப, ளி. இருபத்தொன்பது வருஷமா இதுக்கு என்ன அர்த்தம்னு தேடுறேன். நீங்க போற போக்குல சொல்லிட்டீங்கம்மா!’

மார்ச் முதல் தேதி பெரிய மாநாடாம். இதை அங்கே வாசிக்கப் போகிறாராம். கட்டுரையில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாராம். ஓலம் பேயுடையது என்று அவர் நம்பவில்லை. எங்கேயோ ஒரு குடும்பம் பரம்பரையாக அந்தச் சொல்லைச் சொல்லி வேண்டிக்கொள்கிறது, அது சுவர் வழியாகக் கேட்கிறது என்பது அவர் கணக்கு. அவர் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிடும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். ஏண்டி இப்படிப் பண்ணினே? ஒரு ‘தெரியாதுங்க’ சொல்லியிருந்தா வாய்ல இருக்கிற முத்தா கொட்டிடும்?

பிப்ரவரி 16, திங்கள்

அத்தானிடம் சொன்னேன். நடந்ததைச் சொல்லி, பெரியவரிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றேன்.

‘என்னன்னு ஒப்புக்குவே? அது பேய் இல்லன்னா வேற என்ன?’

‘தெரியல.’

‘அதுவே தெரியாம அவர்கிட்ட போய் என்னத்தச் சொல்லுவே? முதல்ல கண்டுபிடி. ஆனா ஒண்ணு, பேயை மட்டும் கொன்னுடாதே. உங்கக்கா இப்பத்தான் புதுப் பலகைக்குப் படம் வரையக் குடுத்திருக்கா.’

பிப்ரவரி 17, செவ்வாய்

அறையின் கூரை மூலையில் ஒரு ஆள் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. சத்தம் அதன் வழியாகத்தான் வருகிறது. அப்படியென்றால் அதற்கு மேலே என்ன இருக்கிறது?

கீழே எட்டு வைத்து அளந்தேன். வாசலிலிருந்து நேராகத் தொண்ணூற்றாறு, வலப்பக்கம் நாற்பது, இடப்பக்கம் இருபத்திரண்டு. மேலே ஏறி அதே கணக்கில் தெருவில் நடந்தேன். அறுபதாவது எட்டில் செருப்புக் கடை. சுற்றிப் போனால் கணக்குத் தப்பும். நேரே உள்ளே நுழைந்து, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

‘என்ன சைஸ் வேணும்?’ என்றார் கடைக்காரர்.

‘அறுபத்தேழு’ என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். நான் பின்வாசலால் வெளியே போய்விட்டேன். பிறகு ஒரு சந்து, துணி காயப்போட்ட ஒரு கொல்லை, ஒரு நாய் (எட்டு எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தொன்பது வரை ஓட்டம், அதைத் தோராயமாகத்தான் சேர்த்துக்கொண்டேன்). கடைசி இருபத்திரண்டாவது எட்டில் ஒரு கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றேன்.

பல் மருத்துவமனை. மாலை நான்கு முதல் ஏழு வரை. ஞாயிறு விடுமுறை. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘வியாழக்கிழமை டாக்டர் ஊரில் இல்லை.’ போன வாரச் சீட்டு. இன்னும் கிழிக்கவில்லை.

அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

எழுதும்போதே தாடை விண்விண்ணென்று தெறிக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஏற்பாடு இதுதான்: அத்தான் டார்ச்சோடு மூன்றாவது அறையில் நிற்பார். நான் பல்வலி என்று பொய் சொல்லி மருத்துவமனைக்குள் போவேன். சரியாக ஐந்து மணிக்கு நான் கத்த வேண்டும். கீழே கேட்டால் முடிந்தது.

டாக்டரம்மா என் வயதுதான். சிரிக்காத முகம். நாற்காலியில் சாயவைத்தார். சாய்ந்தபடியே கீழே எட்டிப் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில், தரையில், துருப்பிடித்த ஒரு இரும்புச் சல்லடை.

‘அது என்னங்க டாக்டர்?’

‘பழைய கட்டடம். ஏதோ சாக்கடை ஓட்டையா இருக்கும். வாயைத் திறங்க.’

திறந்தேன்.

‘அடேங்கப்பா. ரெண்டு கடவாப்பல் சொத்தை. இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க?’

நான் சொன்னது பொய் என்றல்லவா நினைத்திருந்தேன்! அதைச் சொல்ல வாயை மூடலாம் என்றால் அதற்குள் கண்ணாடியும் கம்பியும் உள்ளே போய்விட்டன. சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. வேறு வழியில்லாமல் அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டேன்.

டாக்டரம்மா துள்ளி எழுந்தார். ‘நான் இன்னும் கையே வைக்கலையே!’

‘மன்னிச்சுக்குங்க. பயம்.’

‘வலிக்காது. வலிக்காதுன்னா வலிக்காது.’

வலித்தது. இரண்டாவது ஓலம் யாருக்காகவும் போட்டதல்ல. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளரை நீட்டி, ‘கொப்பளிங்க’ என்றார்.

டம்ளரை வாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

‘இப்ப என்ன சொன்னீங்க?’

‘கொப்பளிங்க.’

‘இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்.’

‘கொப்பளிங்கம்மா! வாய் பூரா ரத்தம்!’

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசிக்கா, பெரியவரை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்து தேடினால் அத்தானைக் காணோம். எதிர்ச் சாரி டீக்கடையில் இருந்தார். மாலை வெயிலில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

‘கேட்டுச்சா?’ என்றேன், மரத்த வாயால்.

‘கேட்டுச்சு.’

‘நான்தான்னு தெரியுமே?’

‘தெரியும். தெரிஞ்சும்தான் ஓடி வந்தேன்.’

பிப்ரவரி 19, வியாழன்

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

‘என் பேஷன்ட் கத்துறத டிக்கெட் போட்டா காட்டினீங்க?’

‘தெரியாம நடந்துபோச்சு டாக்டர்.’

‘ஆறு மாசமாவா தெரியாம நடக்கும்? போலீசுக்குப் போவேன். அதுக்கு முன்னாடி நான் நேர்ல கேக்கணும். வாங்க.’

கீழே போனோம். மூன்றாவது அறையில் நின்றோம். மேலே உதவியாளர் பெண் மட்டும்தான் இருந்தாள். அவள் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தது கல்லிலே பட்டு, அசரீரி மாதிரி இறங்கியது: ‘அது வெளிய போயிருக்குடி... வந்துச்சுன்னா உயிர எடுத்துடும்... எடுத்துடும்... துடும்...’

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். டாக்டரம்மா ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தொடப் போனேன். சிரிப்பு! நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

போலீசுக்குப் போகவில்லை. சல்லடையை அடைக்கப்போவதாகச் சொன்னார். என் இரண்டாவது பல்லுக்கு அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார். வரவில்லையென்றால் போலீஸ்.

பிப்ரவரி 20, வெள்ளி

பெரியவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி, கட்டில், எல்லாவற்றிலும் காகிதம். ஒரு காகிதக் கட்டை இறக்கிவைத்து என்னை உட்காரச் சொன்னார். உட்கார மனம் வரவில்லை. பஸ்ஸில் நின்றே பழகிய கால், நின்றுகொண்டே சொன்னேன். அர்த்தத்தை நானே கட்டியது, ஓட்டை, டாக்டரம்மா, எல்லாம். அவருக்குப் புரியவில்லை. கடைசியில் மேசையிலிருந்த டம்ளரை எடுத்துக் கொப்பளித்தே காட்டினேன். துப்ப இடமில்லாமல் விழுங்க வேண்டியதாயிற்று.

அவர் பதிவை ஓடவிட்டார். ப்பளி. திருப்பி ஓடவிட்டார். ப்பளிங்க. அந்த ‘ங்க’ என்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கிறது.

‘அந்த ங்க-வை நான் வெறும் எதிரொலின்னு விட்டுட்டேன்ம்மா’ என்றார்.

‘திட்டுங்க சார்.’

‘எதுக்கு? பதினோரு நாள் ரொம்பச் சந்தோஷமா இருந்தேன். அவ்வளவு நாள் சேர்ந்தாப்ல நான் சந்தோஷமா இருந்ததே இல்ல.’

திட்டியிருக்கலாம் அந்த மனுஷன். நாலு அறை விட்டிருக்கலாம். வாசல் வரைக்கும் வந்து, ‘பாத்துப் போங்க, படி வழுக்கும்’னு வேற சொல்றார்.

பிப்ரவரி 21, சனி

வேலைக்குப் போகவில்லை. பல் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

பெரியவர் ஆள் அனுப்பி மாநாட்டுக்கு வரச் சொன்னார். கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தேன், ஓட வசதியாக.

மேடையேறி முதலில் பதிவைப் போட்டார். ‘என்ன கேக்குது?’ என்று சபையைக் கேட்டார். ஒருத்தர் ‘பள்ளி’ என்றார். ஒருத்தர் ‘புளி’. முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் எழுந்து, இது மிகத் தொன்மையான வேர்ச்சொல் என்று ஐந்து நிமிடம் விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, ‘நானும் அப்படித்தான் எழுதினேன். இது பல் டாக்டர் வாய் கொப்பளிக்கச் சொன்னது’ என்றார்.

சிரிப்பு அடங்கவே இல்லை. உடைந்த சொல்லைக் கண்டதும் அதை ஒட்டவைக்க எப்படி ஆசைப்பட்டோம், அந்த ஆசையில் காதுக்கு முன்னாலே கதை எப்படி வந்துவிடுகிறது என்று அரை மணி நேரம் பேசினார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. ‘கதை சொன்னவங்க தானா வந்து உண்மையைச் சொன்னாங்க. கேட்டவன் நான்தான் சரிபார்க்கல’ என்றார். கடைசியில் அவரும் சிரித்தார். நல்ல பல் வரிசை. இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

மார்ச் 6, வெள்ளி

ஓட்டையை அடைத்துவிட்டார்கள். மாலை நடைக்கு ஏழு பேர். மூன்றாவது அறையில் ஒன்றும் கேட்கவில்லை. ‘அவ்வளவுதானா?’ என்றார் ஒருவர். அவ்வளவுதான்.

மார்ச் 9, திங்கள்

நான்கு பேர். அத்தான், ‘வேற ஏதாவது புதுசா ஒண்ணு பண்ணேன். ஒரு ராணி, ஒரு பாம்பு...’ என்றார். மாட்டேன் என்றேன். தெரிந்ததை மட்டும் சொன்னால் நடை பதினோரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கத்தினார். கணக்கு சரிதான். பதினோரு நிமிடம், அதிலும் பாதி கழிப்பறை.

மார்ச் 11, புதன்

பெரியவரிடமே போய் நின்றேன். ‘எனக்கு அந்த இடத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். நீங்க வந்து சொல்றீங்களா?’ என்றேன். ‘எனக்கும் கொஞ்சந்தாம்மா தெரியும்’ என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பெரியவர் நடை காட்ட ஆரம்பித்து நான்காவது வாரம். முதல் நாள் தொட்டி அறையை விட்டு வெளியே வர அவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வருகையாளர் புத்தகத்தில் ஒருவர், ‘எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்’ என்று புகார் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே, வேறு கையெழுத்தில், ‘நாளைக்கும் வருகிறோம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.’ அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. பலகையில் பேயை அழித்துவிட்டு என்ன வரைவது என்று அக்காவோடு தினமும் சண்டை.

இன்று பதினாறு பேர். எனக்கு வேலை, கடைசியில் நடந்து யாரும் பின்தங்காமல் பார்ப்பது. நடை முடிந்து எல்லாரும் ஏறத் தொடங்கியபோது குனிந்து படியைப் பார்த்தேன். எல்லாப் படிகளும் இடது ஓரத்தில் மட்டும் குழிந்திருந்தன. எட்டு மாதமாக ஏறி இறங்குகிறேன், இன்றுதான் பார்க்கிறேன். கை தூக்கினேன்.

‘சார், இந்தப் படியெல்லாம் ஏன் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு?’

திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம்.

‘இது எனக்குத் தெரியும்மா! தொட்டியில தண்ணி மொண்டு, வலது தோள்ல குடத்தை வச்சுக்கிட்டு ஏறினவங்க. இடது கையால செவுத்தப் பிடிச்சுக்கிட்டே ஏறியிருக்காங்க. செவுத்தப் பாருங்க.’

பார்த்தேன். தோள் உயரத்தில், படி நெடுகச் சுவர் வழவழவென்று இருந்தது. எல்லாரும் வரிசையாக அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அவர்கள் போனபின் நானும் ஏறினேன், இடது ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. குழிவில் கால் தானாகவே பொருந்திக்கொண்டது.